கடன் வாங்கிக் கழித்தல்: எங்கள் வீட்டு நாலு தலைமுறைக் கணக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு. ஒரே பக்கத்தில் அஞ்சு கழித்தல் கணக்கு, அஞ்சிலும் சிவப்பு மையில் தப்புக்குறி. முதல் கணக்கு 503 − 278. அவள் எழுதியிருந்த விடை 375.

"இது எப்படிக் கண்ணு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எட்டுல மூணு போனா அஞ்சு. ஏழுல சைபர் போனா ஏழு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

"மூணுல இருந்துதானே எட்டைக் கழிக்கணும்?"

"மூணுல எட்டு போகாதுப்பா. அதனால எட்டுல மூணு." இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

மற்ற நாலு கணக்கையும் பார்த்தேன். நாலிலும் அதே விதிதான். எந்த எண் மேலே இருக்கிறது என்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். ஓரிடத்திலும் கூட்டல் கழித்தல் பிசகவில்லை. அதாவது கவனக்குறைவே கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாகச் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் இந்த மாதிரித் தப்பு எனக்கு நல்ல பழக்கம். புரோகிராம் கொடுத்த விதிப்படி அச்சுப் பிசகாமல் ஓடுகிறது, கொடுத்த விதிதான் தப்பு. இதற்குப் பெயர் பக்.

ஆனால் நோட்டின் ஓரத்தில் "கவனம் தேவை" என்று எழுதியிருந்தது. அவளும் அதை நம்பிவிட்டாள். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றாள். எட்டு வயசில்.

அந்த வாக்கியம் என்னை ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது. கழித்தல் என்கிற இந்தச் சின்ன விஷயத்தின் வரலாற்றைத் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். இந்தப் பதிவு அந்தத் தேடலின் குறிப்புகள்.

கழித்தலில் நூறு பக்

முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய ஆய்வு. 1978-ல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'காக்னிட்டிவ் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகள் கழித்தலில் செய்கிற தப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் எந்தத் தவறான விதியிலிருந்து பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கணினி அமைப்பையே உருவாக்கியிருந்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'பக்கி'. கழித்தலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி பக்குகள் அவர்கள் பட்டியலில் இருந்தன.

என் மகளுடைய பக் அதில் மிகப் பிரபலமானது: பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. இன்னொன்று சைபரிடம் கடன் வாங்கும் பக். அதே 503 − 278-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கணும். பக்கத்தில் சைபர். பிள்ளை அந்தச் சைபரை அடித்துவிட்டு 9 என்று எழுதுகிறது, ஆனால் அதற்கும் பக்கத்தில் இருக்கிற 5-ஐ 4 ஆக்க மறந்துபோகிறது. விடை 325. வெளியிலிருந்து பார்த்தால் 375, 325 இரண்டுமே "தப்பு". உள்ளே நடந்தது முற்றிலும் வேறு வேறு. ஒருத்திக்குக் கடன் வாங்குவது என்றால் என்ன என்றே தெரியாது. இன்னொருத்திக்கு முக்கால்வாசி தெரியும். இருவருக்கும் ஒரே சிவப்பு மை.

கடனைத் திருப்பித் தந்த அப்பா

சரி, நானே சொல்லித்தரலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வழி, எண்பதுகளில் கோயம்புத்தூரில் படித்த எல்லோருக்கும் தெரிந்த வழிதான். மூன்றில் எட்டு போகாது. பக்கத்தில் சைபர், அங்கே கடன் கிடைக்காது. அதற்கும் பக்கத்தில் போய் 5-ஐ அடித்து 4 ஆக்கு. சைபர் 10 ஆகும். அதில் ஒன்றை எடுத்தால் 9. கடைசியில் 3 என்பது 13. பதிமூன்றில் எட்டு போனால் 5, ஒன்பதில் ஏழு போனால் 2, நாலில் இரண்டு போனால் 2. விடை 225.

பக்கத்தில் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "இத்தனை அடிச்சு அடிச்சு எழுதுனா கொழந்தைக்கு என்றா புரியும்?" என்றார். அவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்சிலை வாங்கி அவர் வழியில் போட்டார்.

மூன்றில் எட்டு போகாது, பதிமூன்றில் எட்டு போனால் 5. "ஒண்ணு கடன் வாங்குனியா, இப்பக் கீழ குடுத்துரு." கீழே இருக்கிற 7 இப்போது 8. மேலே சைபர், அதில் எட்டு போகாது. பத்தில் எட்டு போனால் 2. மறுபடியும் ஒன்று கடன், கீழே இருக்கிற 2 இப்போது 3. அஞ்சில் மூன்று போனால் 2. விடை 225. மேல் வரிசையில் ஒரு எண்ணைக்கூட அவர் அடிக்கவில்லை.

நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் கழிக்கிற விதமும் நான் கழிக்கிற விதமும் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இரண்டுக்கும் கணித ஆசிரியர்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். என்னுடையது மேல் எண்ணைப் பிரித்து எழுதும் முறை. ஐந்நூற்று மூன்று என்பதை நானூறு, தொண்ணூறு, பதிமூன்று என்று பிரித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அப்பாவுடையது இரண்டு பக்கமும் சமமாகக் கூட்டும் முறை. மேலே பத்து ஒன்றுகளைக் கூட்டினால் கீழே ஒரு பத்தைக் கூட்டிவிடுவது. இரண்டு எண்ணும் ஒரே அளவு கூடினால் வித்தியாசம் மாறாது. இது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய முறை. இங்கிலாந்துப் பள்ளிகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் இதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுத்தார்கள்.

அமெரிக்கா பிரிக்கும் முறைக்குப் போனதற்கு வில்லியம் பிரௌனெல் என்ற கல்வியாளரின் ஆய்வுகள் ஒரு முக்கியக் காரணம். 1949-ல் அவரும் ஹெரால்ட் மோசரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். காரணம் சொல்லாமல் வெறும் விதியாக மனப்பாடம் செய்ய வைத்தால், சமமாகக் கூட்டும் முறை நன்றாகவே வேலை செய்தது. ஏன் என்று விளக்கிச் சொல்லிக்கொடுத்தால் பிரிக்கும் முறை முந்தியது. பிரிக்கும் முறையின் பலமே அதை விளக்க முடியும் என்பதுதான். நான் படித்த காலத்தில் அந்த முறைதான் வந்தது, விளக்கம்தான் வரவில்லை. "கடன் வாங்கு" என்றார்கள், வாங்கினேன். வாங்கிய கடனை ஏன் திருப்பித் தரவேண்டாம் என்று நானும் கேட்கவில்லை.

அப்புச்சியின் கடை

அப்பாவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அப்புச்சியின் ஞாபகம் வந்தது. அம்மாவின் அப்பா. தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். முழுப் பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவோம்.

அவர் திண்ணைப் பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் படித்ததோடு சரி. கழித்தல் கணக்கு என்று ஒன்றை அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கழித்துக்கொண்டேதான் இருந்தார். இருநூற்று எழுபத்தெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கி ஒருவர் ஐந்நூற்று மூன்று ரூபாய் நீட்டினால், காசை எண்ணிப் பலகையில் வைத்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்வார். "எரநூத்தி எழுவத்தெட்டு... ரெண்டு, எரநூத்தி எம்பது. இருவது, முந்நூறு. எரநூறு, ஐந்நூறு. மூணு, ஐந்நூத்தி மூணு. செரிங்களா?" அவர் எடுத்து வைத்தது 2, 20, 200, 3. கூட்டினால் 225.

இதில் கடன் இல்லை, அடித்தல் இல்லை, சைபர் பிரச்சினையும் இல்லை. இன்னொரு நுட்பம்: வாங்குகிறவரும் கூடவே எண்ணலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கலாம். என் முறையில் போட்டால் விடை மட்டும்தான் அவர் கைக்குப் போகும், நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நான் ஏழாவது படிக்கும்போது, "இதெல்லாம் கணக்கே இல்லீங்க அப்புச்சி, முறையாப் போடணும்" என்று சொல்லி, நோட்டில் கடன் வாங்கிப் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு, "விடையையும் கழிச்சதையும் கூட்டிப் பாரு சாமி. பழசு வந்துச்சுன்னா செரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான்தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாகாணியும் அணாவும்

அப்புச்சி படித்த திண்ணைப் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு. அந்தப் பள்ளிகளில் நினைவாற்றல் என்பது வெறும் மனப்பாடம் அல்ல, கற்றலின் வழிமுறையே அதுதான் என்பது அவருடைய முக்கியமான வாதம்.

பாடங்கள் சுவடிகளாக இருந்தன. பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் அவற்றின் வரிசையையும் பழக்கும். நெல்லிலக்கம் தானிய அளவைகளை. எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடுகளை. குழிமாத்து நிலம் அளக்கத் தேவையான வர்க்கங்களை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த மணல் எழுத்தைப் பார்த்துத் தன் பள்ளியில் பின்பற்றினார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது.

பின்ன வரிசையைப் பாருங்கள். முந்திரி 1/320. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 1/80. நாலு காணி ஒரு மா, 1/20. இன்னொரு பக்கம் மாகாணி 1/16, அரைக்கால் 1/8, கால், அரை, முக்கால், ஒன்று. எதோடு எது சேர்ந்தால் எது ஆகும் என்பதை நாக்கு நுனியில் வைத்திருக்கும் பிள்ளைக்கு, எதை எடுத்தால் எது மிஞ்சும் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முக்காலில் மாகாணி போனால் என்ன என்று கேட்டால் அவன் கழிக்க மாட்டான், மாகாணியிலிருந்து முக்கால் வரை ஏறுவான். அப்புச்சியின் பலகை எண்ணிக்கை இந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் என்பது என் ஊகம்.

ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் இது நேரடியாகப் பயன்பட்டது. மாகாணி ரூபாய் என்றால் ஓர் அணா. கால் என்றால் நாலணா. 5 ரூபாய் 3 அணாவில் 2 ரூபாய் 7 அணா போனால்? ஒன்பது அணா போட்டால் 3 ரூபாய், இரண்டு ரூபாய் போட்டால் 5, மேலே 3 அணா. ஆக 2 ரூபாய் 12 அணா, இரண்டே முக்கால். இதையே பள்ளி முறையில் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் கடன் வாங்கும்போது பத்து வராது, பதினாறு வரும். அணாவுக்குக் கீழே பைசாவில் போனால் நாலு. 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்த பிறகுதான் பணத்தில் கடன் என்றால் எப்போதும் பத்து என்று ஆனது. அப்புச்சியின் முறைக்கு அந்த மாற்றத்தால் ஒரு சிரமமும் இல்லை. ஏறும் படிக்கட்டின் உயரம்தான் மாறியது.

பழைய தமிழ் எண் எழுத்திலும் ஒரு விசேஷம் உண்டு. 503 என்பதை ௫௱௩ என்று எழுதினார்கள். ஐந்து, நூறு, மூன்று. 278 என்பது ௨௱௭௰௮. இடமதிப்பு கிடையாது, சுழியமும் கிடையாது. என் மகள் "ஏழுல சைபர் போனா ஏழு" என்று சொன்னாளே, அந்தத் தப்பை இந்த எழுத்தில் செய்யவே முடியாது. மேலே பத்துகளே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். நூறில் ஒன்றை உடைத்தால்தான் வேலை நடக்கும். பழையது உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. பெரிய எண்களைப் பெருக்கி வகுக்க இடமதிப்பு எவ்வளவு பெரிய வசதி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. சைபர் பக் அந்த விலையில் ஒரு பகுதி.

எழுதும் பொருளும் முறையைத் தீர்மானிக்கும். பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சேர்த்து ரொம்பச் சுருக்கமான ஒரே விதிதான். இடத்துக்கு இடம் செய்யவேண்டும், வலமிருந்து போனாலும் இடமிருந்து போனாலும் சரி. தூசி பரப்பிய பலகையிலும் மணலிலும் எழுதியதை அழித்து மாற்றலாம், அதனால் எந்தப் பக்கம் தொடங்கினாலும் நஷ்டமில்லை. காகிதத்தில் மையால் எழுதியதை அழிக்க முடியாது. அதனால்தான் நாம் எண்ணை அடித்து, தலைக்கு மேல் பொடி எழுத்தில் திருத்தம் எழுதுகிறோம். சாஃப்ட்வேர்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மெமரியில் இருந்த இடத்திலேயே மாற்றுவதா, புதுப் பிரதி எடுப்பதா என்று நாம் இன்றைக்கும் விவாதித்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

கல்லில் ஒரு கழித்தல்

ஒரு விஷயம் கவனித்தேன். எங்கள் பக்கம் யாரும் பேச்சில் 'கழித்தல்' என்று சொல்வதில்லை. கடையில் அது சில்லறை அல்லது மீதி. மண்டியில் தரகு, கழிவு. மில் சம்பளச் சீட்டில் பிடித்தம். வட்டிக்காரரிடம் பாக்கி. கணக்கு நோட்டில் ஒரே அடையாளக் கோடு, வெளியே இத்தனை பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இரண்டு பேர் இருக்கிறார்கள், கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். கழித்தலில் ஒரு பிசகு வந்தால் அது யாரோ ஒருவர் மடியிலிருந்து போகும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய பழைய சாட்சி தஞ்சாவூரில் கல்லில் இருக்கிறது. பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜன் ஊர்களை விட்ட கல்வெட்டுகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. முதலில் அளந்த மொத்த நிலம். அடுத்து அதிலிருந்து எவையெல்லாம் நீக்கப்படுகின்றன என்ற பட்டியல்: ஊர்நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு. இவை இறையிலி, வரி கிடையாது. நீக்கியது போக நின்ற நிலம் எவ்வளவு, அதற்கு எத்தனை கலம் நெல் என்று முடியும். அளவுகள் வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, அதற்கும் கீழே கீழ்மா, கீழ்முந்திரி என்று போகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கணக்கு. அதே முந்திரியைத்தான் எண்ணூறு வருஷம் கழித்தும் திண்ணையில் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கில் நீக்கல் பட்டியலில் ஒரு வாய்க்கால் விட்டுப்போனால், வாய்க்காலுக்கும் சேர்த்து நெல் அளக்கவேண்டியவன் உழுகிறவன். கணக்கன் ஊரில் ஏன் அத்தனை செல்வாக்கோடு இருந்தான் என்று எனக்கு இங்கேதான் பிடிபட்டது. கழித்தலைச் செய்தவன் அவன். அது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பரம்பரை கிராமக் கணக்கு முறை தமிழ்நாட்டில் 1980-ல்தான் ஒழிக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'கணக்குப்பிள்ளை' என்ற வார்த்தையை இன்றைக்கும் பயமும் மரியாதையும் கலந்துதான் சொல்கிறார்கள்.

ஒரு கழித்தல் கணக்கு, வாசகர்களுக்கு

அப்படியென்றால் இந்தக் கணக்கெல்லாம் யாருக்குச் சொல்லித்தரப்பட்டது? இதற்குக் கொஞ்சம் எண்களே இருக்கின்றன.

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் உள்ளூர்ப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். அப்போது கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், பின்னால் ஊட்டியை உருவாக்கிய அதே சல்லிவன். அவர் அனுப்பிய கணக்கில் கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள், 8,206 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரியாகப் பத்துப் பதினோரு பேர். ஒரு திண்ணை கொள்ளும் கூட்டம். இந்த அறிக்கைகளையெல்லாம் தரம்பால் 1983-ல் ஒரே புத்தகமாகத் தொகுத்தார். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே பள்ளிக்கூடமே இல்லை என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

ஆனால் அந்த எண்களை நாம் பெருமைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறோம். 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பில் மாகாணம் முழுவதுக்குமான மொத்தம் இருக்கிறது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இதில் ஆண்பிள்ளைகள் 1,84,110.

கழித்துப் பாருங்கள். எந்த முறையில் வேண்டுமானாலும்.

1,84,110-இலிருந்து நாலாயிரம் ஏறினால் 1,88,110. இன்னும் ஐந்நூற்று நாற்பது ஏறினால் 1,88,650. ஆக 4,540. ஒன்றேகால் கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாகாணத்தில் பள்ளிக்குப் போன பெண்பிள்ளைகள் அவ்வளவுதான். அப்புச்சி வீட்டில் அம்மிச்சி மாட்டுக்குத் தீவனமும் பால் கணக்கும் பார்த்தவர். சுவரில் கரிக்கோடு போட்டுத்தான் பால் பாக்கியை எண்ணுவார். வாங்கின பாலுக்கு ஒரு கோடு, காசு வந்தால் ஒரு கோட்டை அழிப்பார். அவருக்கு எந்தத் திண்ணையிலும் இடம் இருந்திருக்கவில்லை. அவராகவே உண்டாக்கிக்கொண்ட கழித்தல் அது.

திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இப்போது அப்புச்சியின் பலகையோடு அம்மிச்சியின் சுவரும் ஞாபகம் வருகிறது.

மறுபடி 503

இன்றைக்கு என்ன நிலைமை? ஏசர் அறிக்கைக்காக வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் கொடுக்கும் கணக்குகளில் ஒன்று, கடன் வாங்கவேண்டிய இரண்டு இலக்கக் கழித்தல். கிராமப்புற இந்தியாவில் 3-ஆம் வகுப்புப் பிள்ளைகளில் அதையாவது செய்யத் தெரிந்தவர்கள் 2022-ல் 25.9 சதவீதம், 2024-ல் 33.7 சதவீதம். அதாவது மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு வரவில்லை. என் மகள் தனி ஆள் இல்லை. தமிழ்நாட்டில் கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. குச்சிக்கட்டு, மணிச்சரம் என்று கையில் கொடுத்துக் கணக்குச் சொல்லித்தருகிறார்கள். பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்து ஒன்றுகளாகக் கொட்டும் பிள்ளைக்குக் 'கடன்' என்ற வார்த்தையே தேவைப்படாது. யாரிடமும் எதையும் வாங்கவில்லை, தன்னிடம் இருந்த கட்டைத்தான் பிரித்திருக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மகளோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை நோட்டை எடுக்கவில்லை. ரூபாய் நோட்டும் சில்லறையும் எடுத்துக் கடை விளையாடினோம். அவள் கடைக்காரி. 278 ரூபாய் பில், நான் 503 ரூபாய் கொடுத்தேன். பத்து நிமிஷம் தடுமாறிவிட்டு அவளாகவே 280, 300, 500 என்று ஏற ஆரம்பித்தாள். 225 ரூபாயை என் கையில் வைத்தாள். பிறகு நோட்டில் இருந்த 375-ஐப் பார்த்து, "இவ்வளவு குடுத்தா எனக்கு நஷ்டம்பா" என்றாள். தப்பைக் கண்டுபிடித்தது அவள்தான்.

அடுத்த வாரம் வகுப்பில் இந்த முறையிலேயே போட்டிருக்கிறாள். விடை சரி, ஆனால் படிநிலைக்கு மதிப்பெண் இல்லை. டீச்சரிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. நாற்பது நோட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முறை இருந்தால் எப்படித் திருத்துவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பறைக்கு ஒரு பொது முறை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொது முறை மட்டும்தான் கணக்கு, மற்றதெல்லாம் கணக்கு இல்லை என்று பிள்ளை நினைத்துவிடுகிறதே, அதுதான் என் பயம். நானே அப்படி நினைத்தவன். ஏழாவது படிக்கும்போது அப்புச்சியிடம் போய் அதைச் சொன்னவன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் தினமும் உட்காரும் கணினி அப்பா மாதிரியும் கழிப்பதில்லை, என்னை மாதிரியும் கழிப்பதில்லை. அது நிரப்பெண்ணை எடுத்துக் கூட்டுகிறது. 1642-ல் பாஸ்கல் செய்த கணக்கு இயந்திரமும் அப்படித்தான். பல்சக்கரம் பின்னோக்கிச் சுழலாது என்பதால் கழித்தலைக் கூட்டலாக்கினார். 278-ன் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒன்பதிலிருந்து எடுத்தால் 721. அதை 503-உடன் கூட்டினால் 1224. முன்னால் இருக்கும் 1-ஐ எடுத்துப் பின்னால் கூட்டினால் 225. ஏறிப் போய்க் கழித்த அப்புச்சிக்கு இது பிடித்திருக்கும்.

இப்போது மகள் பள்ளி முறையில் போடுகிறாள், கடன் வாங்கி, அடித்து, பொடி எழுத்தில் எழுதி. போட்டு முடித்ததும் விடையையும் கழித்த எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்க்கிறாள். பழசு வந்தால்தான் அடுத்த கணக்குக்குப் போகிறாள். அதை யாரும் மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் எழுபது வயசைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்: 503-ல் 278 போனால் மீதி என்ன? விடையை விட்டுவிடுங்கள். எப்படிப் போட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். அப்புச்சியிடம் நான் கேட்டு எழுதி வைக்காமல் விட்டது நிறைய.